மூன்று மீட்டரில் இரண்டு

"நீயும் அவங்க சொல்றதைத்தான் நம்புறியா, ஜோதி?"

"மூணு மீட்டர்ல ரெண்டு ஒரே மாதிரி சொல்லுது. உங்களோடது மட்டும் வேற சொல்லுது. நான் என்னங்க செய்ய?"

"நான் மீட்டரைப் பத்திக் கேட்கலை."

"பின்னே?"

சிக்னல் பச்சையானது. விஜயபாஸ்கர் வண்டியை எடுத்தார். ஷார்ஜா போய்ச் சேரும்வரை வானொலியில் யாரோ தங்கத்தின் விலை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அது நடந்து நான்கு வருடங்கள் ஆகிவிட்டன. அதன் பிறகு அவர் நாகஜோதியிடம் கேட்ட கேள்விகள் எல்லாம் சாப்பாடு ஆச்சா, ஏசி ரிமோட் எங்கே, மகளுக்கு ஹாஸ்டல் ஃபீஸ் கட்டியாச்சா என்ற அளவோடு நின்றுவிட்டன. சண்டை இல்லை. சத்தம் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

இதையெல்லாம் அவள் யாரிடமும் சொன்னதில்லை. இன்று, அல் குசைஸ் தொழிற்பேட்டையில், சுவரெல்லாம் தராசுகளும் அழுத்தமானிகளும் வரிசையாக நிற்கும் ஒரு சின்ன ஆய்வகத்தில், கனகரத்தினத்தின் முன்னால் உட்கார்ந்து சொல்லி முடித்தாள்.

கனகரத்தினம் யாழ்ப்பாணத்துக்காரர். வயது ஐம்பத்தெட்டு. கருவிகள் சரியாக அளக்கின்றனவா என்று சோதித்துச் சான்றிதழ் கொடுப்பது அவர் தொழில். எந்தத் தொழிற்சாலையில் எந்த மீட்டர் பொய் சொன்னாலும் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். மீட்டர் பொய் சொன்னதா, மனிதர் பொய் சொன்னாரா என்பதை நாற்காலியை விட்டு எழாமலே சொல்லிவிடுவார் என்று, பொழுதுபோக்காக ரேடியோ அலைகளில் பேசுகிறவர்களின் அமெச்சூர் ரேடியோ சங்கத்தில் ஒரு பேச்சு உண்டு.

"இவ்வளவு நாள் விட்டுப்போட்டு இப்ப ஏன் பிள்ளை வந்தனீங்கள்?" என்று கேட்டார்.

"சனிக்கிழமை அவர் கத்தாருக்குப் போறார் சார். ராஸ் லஃபான்ல வேலை கிடைச்சிருக்கு. நாலு மாசம் முன்னாடியே ஆர்டர் வந்துடுச்சு. குடும்பத்தோட வர்றீங்களா, தனியா வர்றீங்களான்னு ஃபாரத்துல கேட்டிருந்தாங்க. தனியான்னு எழுதிட்டார். இங்கே என் விசாவும் அவரோடயே கேன்சல் ஆகுது. அவருக்கு தோஹா டிக்கெட். எனக்கு மதுரை டிக்கெட். ஒரே நாள்தான்."

"நீங்கள் ஒண்டும் கேக்கேல்லையோ?"

"கேட்க எனக்கு என்ன வாய் இருக்கு?" நாகஜோதி கைப்பையிலிருந்து ஒரு மஞ்சள் கருவியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிது. தலையில் கேபிள் மாட்டும் முனை, நடுவில் சின்னத் திரை. "நேத்து வேண்டாத சாமான்களோட இதையும் வச்சிருந்தார். அவர் உயிரா வச்சிருந்த அனலைசர் சார் இது. அன்னைக்கு அவர் பொய் சொல்லியிருந்தா, நான் பேசாம மதுரைக்குப் போயிடுறேன். சொல்லலைன்னா..."

"சொல்லலைன்னா நாம கண்டுபிடிச்சுடலாம், தங்கச்சி! நீங்க கவலையே படாதீங்க!" என்றார் பக்கத்தில் நின்ற கௌஸ் முகைதீன்.

கௌஸுக்குச் சொந்த ஊர் ராமநாதபுரம் பக்கம். பதினெட்டு வருடமாகத் துபாயில் கடைகளுக்கும் கிடங்குகளுக்கும் கண்காணிப்பு கேமரா மாட்டிக்கொடுக்கிறார். வேலை முடிந்ததும் நேராக இங்கே வந்துவிடுவார். கனகரத்தினம் ஒரு மர்மத்தை அவிழ்ப்பதைப் பார்ப்பதில் அவருக்கு அப்படி ஓர் ஆசை. தொட்டதையெல்லாம் ஒழுங்குபடுத்தும் கை அவருடையது. குறடு, திருப்புளி, போன் சார்ஜரின் கழுத்து, வண்டிச் சாவி என்று அவர் கைப்பட்ட எல்லாவற்றிலும் சூட்டில் சுருங்கிப் பிடிக்கும் சிவப்பு உறை ஒன்று கச்சிதமாக ஏறியிருக்கும்.

"நீர் அண்டைக்கு அங்க நிண்டனீர்தானே?" என்று கனகரத்தினம் அவரைக் கேட்டார். "நான் ஊருக்குப் போயிருந்தனான். நடந்ததை விட்டுப்போடாமல் சொல்லும்."

கௌஸ் உற்சாகமாகத் தொடங்கினார். சங்கத்துக்குப் பொதுவாகக் கையடக்க அனலைசர் ஒன்று வாங்குவதாக இருந்தது. எது நல்லது என்று பார்க்க உறுப்பினர்கள் தங்கள் கருவிகளைக் கொண்டு வந்தார்கள். செயலாளர் சுரேஷ்குமாரிடம் ஒரு கறுப்புக் கருவி. அக்ஷயிடம் சீட்டுக்கட்டு அளவில் ஒரு குட்டிக் கருவி. விஜயபாஸ்கரிடம் இந்த மஞ்சள். சங்கத்து வில்லாவின் மொட்டைமாடியில் மூன்று ஆன்டெனாக்கள். ஒவ்வொன்றின் அடியிலும் மூன்று கருவிகளையும் மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்தார்கள்.

"வெயில்னா வெயிலுண்ணே! குட்டி மீட்டர்ல திரையே தெரியலை. தலையில துண்டைப் போட்டு மூடிக்கிட்டுத்தான் பார்த்தோம். மஞ்சளுக்கு அந்தத் தொல்லை இல்லை, ஆனா கனம் ஜாஸ்தி. கறுப்புல படம் கலர் கலரா வரும், பேட்டரி மட்டும் ஒரு மணி நேரம்தான். தங்கச்சிதான் நோட்டுல எழுதுச்சு, கையெழுத்து முத்து மாதிரின்னு."

நாகஜோதி அந்த நோட்டை நீட்டினாள். அனலைசர் பெட்டிக்குள்ளேயே அது இருந்தது. கனகரத்தினம் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு வாசித்தார்.

ரேடியோவுக்கும் ஆன்டெனாவுக்கும் பொருத்தம் பார்ப்பதுதான் இந்தக் கருவிகளின் வேலை. ஐம்பது ஓம் என்று காட்டினால் ஜோடிப் பொருத்தம் சரி. அதிலிருந்து எவ்வளவு விலகுகிறதோ அவ்வளவு சக்தி ஆன்டெனாவில் ஏறாமல் திரும்பி வரும். விஜயபாஸ்கர் இரண்டு மாதம் உழைத்துச் செய்த புது ஆன்டெனாவுக்கு மஞ்சள் காட்டியது நாற்பத்தாறு. மற்ற இரண்டும் காட்டியது முப்பத்தொன்று. சங்கத்தின், இருபுறமும் நீட்டிக் கட்டிய பழைய டைபோல் கம்பிக்கு மஞ்சள் எழுபத்திரண்டு, மற்ற இரண்டும் நாற்பத்தெட்டு. மூலையில் நின்ற நெட்டுக்குத்துக் குச்சிக்கு மஞ்சள் முப்பத்தாறு, மற்ற இரண்டும் இருபத்துநாலு.

"பார்த்தீங்களாண்ணே, அங்கேதான் சிக்கல்" என்றார் கௌஸ். "அவர் செஞ்ச ஆன்டெனாவை அவர் மீட்டர் நல்லதுங்குது. எல்லாரும் நல்லதுன்னு சொல்ற சங்கத்து டைபோலை மோசம்ங்குது. மீட்டரைத் திருகிக் கொண்டு வந்துட்டார்னு ஆளாளுக்குப் பேச ஆரம்பிச்சுட்டாங்க. பாஸ்கர் ஒரு வார்த்தை பேசலை. மீட்டரைத் துடைச்சுப் பெட்டியில வச்சார். எறங்கிப் போயிட்டார்."

"பிறகு சங்கத்தில ஆன்டெனா எல்லாம் ஒழுங்காய் வேலை செய்யுதோ?"

"எங்கேண்ணே! கறுப்பு மாதிரிதான் வாங்கினோம். அதுல பார்த்தா எல்லாம் பிரமாதமா இருக்கு. ரேடியோவுல, திரும்பி வர்ற சக்தியைக் காட்டுற மீட்டர் மட்டும் ஒண்ணுக்கு வராம ஒன்றரைக்குக் கீழே எறங்குவேனாங்குது. நாலு வருசமா கேபிளை மாத்தி மாத்தி அலுத்துப் போச்சு."

கனகரத்தினம் மஞ்சள் கருவியைத் திருப்பினார். பின்பக்கத் திருகின்மேல் கம்பெனி வைத்த மெழுகு முத்திரை உடையாமல் இருந்தது. புது பேட்டரிகளைப் போட்டு, ஆய்வகத்தின் அளவுத் துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அதில் மாட்டினார். ஐம்பதுக்கு ஐம்பது. நூறுக்கு நூறு.

"திறந்து பாக்காத பெட்டி. இண்டைக்கும் உண்மைதான் சொல்லுது" என்றார். "மற்ற ரெண்டையும் ஆர் தயார் பண்ணினது?"

"நான்தான்!" கௌஸின் முகம் மலர்ந்தது. "அந்த வகைக்கெல்லாம் ஒவ்வொரு தடவையும் அளவு கத்துக்கொடுக்கணும்ல? கிட்டுல மூணு துண்டு இருக்கும். ஒண்ணு திறந்தது, ஒண்ணு மூடினது, ஒண்ணு அம்பது ஓம் லோடு. மூணையும் மாட்டிக் காட்டினா, ஓஹோ இதுதான் அம்பதான்னு அது மனசுல வச்சுக்கும். காலையிலேயே ரெண்டுக்கும் போட்டுக் கொடுத்துட்டேன். மஞ்சளுக்கு மட்டும் வேணாம். அது கம்பெனியிலயே படிச்சுட்டு வந்தது."

"அந்தக் கிட் இப்ப எங்க?"

"சங்கத்துலதான். இன்னும் அதைத்தான் பயன்படுத்துறோம்."

"போய் எடுத்துக்கொண்டு வாரும். சுரேஷ்குமாரையும் கூட்டிக்கொண்டு வாரும்."

"யல்லா, இதோ கிளம்பிட்டேன்!" என்று சாவியைச் சுழற்றிக்கொண்டு கௌஸ் ஓடினார்.

கனகரத்தினம் நோட்டின் பக்கத்தை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தார். நாகஜோதியின் நீல மை எழுத்துகளுக்கு வெளியே, ஓரத்தில், பென்சிலால் மெலிதாக ஏதோ இருந்தது. மூன்று, ஒரு சாய்ந்த கோடு, இரண்டு.

"இது உங்கட எழுத்தோ, பிள்ளை?"

அவள் குனிந்து பார்த்தாள். "இல்லை சார். அவர் எழுத்து. மூணுல ரெண்டு பேர் எதிரா சொன்னாங்கன்னு எழுதியிருப்பார்."

"ம்" என்றார் அவர். நோட்டை மூடினார். பிறகு, "அண்டைக்குப் பிறகு வேற ஏதும் நடந்ததோ?" என்று கேட்டார்.

நாகஜோதி சேலைத் தலைப்பைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தாள். "ஒரு பிறந்தநாள் விருந்து சார். ஒருத்தர் எடை பார்க்கிற மெஷின்ல ஏறி நின்னு, எடை குறைஞ்சுட்டேன்னு சொன்னார். சுரேஷ்குமார், இது பாஸ்கர் மீட்டர் போலிருக்கேன்னார். எல்லாரும் சிரிச்சாங்க." முறுக்கிய தலைப்பை விட்டுவிட்டு, "நானும் சிரிச்சுட்டேன். அவர் எதிர்லதான் நின்னார்" என்றாள்.

கனகரத்தினம் எழுந்து போய் அவளுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்தார்.

அரை மணியில் கௌஸ் திரும்பி வந்தார். பின்னாலேயே சுரேஷ்குமார். மேஜைமேல் மஞ்சளைப் பார்த்ததும், "அடடே, பாஸ்கர் மீட்டர்!" என்று ஆரம்பித்தவர் நாகஜோதியைக் கண்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டார். "சாரிங்க, சும்மா தமாஷுக்கு. என்ன சார், கோர்ட்ல நிறுத்துற மாதிரி எல்லாரையும் வரச் சொல்லியிருக்கீங்க?"

"இருங்கோ" என்றார் கனகரத்தினம். "ஒரு சின்னக் கணக்குத்தான். நாலு பேர் சந்தேகத்தில நிக்கினம். முதலாவது, வெயில். வெயில் மூண்டு மீட்டரையும்தான் சுட்டது. ரெண்டாவது, விஜயபாஸ்கர். அவர்ட பெட்டி முத்திரை உடையேல்லை. மூண்டாவது, நீங்கள்."

"நானா!"

"உங்கட மீட்டரை வாங்க வைக்க வேணுமெண்டு நீங்கள் ஏதும் செய்திருக்கலாம். ஆனா அக்ஷயிட குட்டி மீட்டரும் உங்கட மீட்டரும் ஒரு எண் பிசகாமல் ஒண்டைத்தான் சொன்னது. அவருக்கு அதில ஒரு லாபமுமில்லை. அப்ப நீங்களுமில்லை."

சுரேஷ்குமார் மூச்சு விட்டார்.

"இனி எண்களைப் பாருங்கோ. நாப்பத்தாறுக்கு முப்பத்தொண்டு. எழுபத்திரண்டுக்கு நாப்பத்தெட்டு. முப்பத்தாறுக்கு இருபத்துநாலு. மூண்டு இடத்திலயும் விகிதம் ஒண்டுதான். மூண்டுக்கு ரெண்டு. பொய் சொல்லுற மனுசன் தனக்கு வேண்டின இடத்தில மட்டும்தான் எண்ணை மாத்துவான். விஜயபாஸ்கர் பொய் சொல்ல வந்திருந்தா, மூலையில நிண்ட குச்சியைப் பற்றி அவருக்கென்ன கவலை? பழுதான மீட்டர் ஒவ்வொரு இடத்திலயும் ஒவ்வொரு விதமாய்த் தடுமாறும். எல்லா இடத்திலயும் ஒரே விகிதத்தில பிழைக்குதெண்டால், பிழை மீட்டருக்குள்ள இல்லை. மீட்டருக்குப் பாடம் சொல்லிக் குடுத்த இடத்தில இருக்கு."

அவர் நோட்டைத் தட்டினார். "இன்னொண்டு. வெட்டவெளியில உயரமாய்க் கட்டின ஒரு நேர் டைபோல் எழுபது சொச்சம் காட்ட வேணுமெண்டு எந்தப் பாடப் புத்தகத்திலயும் இருக்கு. மஞ்சள் சொன்னது எழுபத்திரண்டு. மற்ற ரெண்டும் நாப்பத்தெட்டு எண்டு சொன்ன உடனே நீங்கள் சந்தோசப்பட்டியள். ஏனெண்டால் அது உங்கட ஆன்டெனா."

சுரேஷ்குமார் நோட்டை எட்டிப் பார்த்தார்.

"நாலாவது ஆள் இதுக்குள்ள" என்று அவர் கிட்டைத் திறந்தார்.

பஞ்சுப் படுக்கையில் மூன்று துண்டுகள். திறந்ததும் மூடியதும் வெறும் உலோகமாக, கம்பெனி எழுத்துகளோடு பளபளத்தன. லோடு மட்டும் கழுத்துவரை சிவப்பு உறை போட்டுக்கொண்டு கிடந்தது.

"கௌஸ், ஒரு பிளேடு தாரும்."

கௌஸின் கை சட்டைப்பைக்குப் போய், பாதியில் நின்றது. நாகஜோதி அந்தக் கையைப் பார்த்தாள். அதில் தொங்கிய வண்டிச் சாவியைப் பார்த்தாள். சாவியின் தலையில் இருந்த உறையைப் பார்த்தாள்.

"அண்ணே..." கௌஸின் குரல் வேறாகியிருந்தது. "அது என் கை வேலைண்ணே."

"தெரியும். பிளேடைத் தாரும்."

உறை உரிந்து வந்தது. உள்ளே உலோகத்தில் பொறித்திருந்த எண்ணை அவர் வாசிக்கவில்லை. சாதாரண மல்டிமீட்டரின் இரண்டு கம்பிகளை அதில் வைத்துத் திரையை மற்றவர்கள் பக்கம் திருப்பினார். எழுபத்தைந்து.

"கேமரா லைன் முடியிற இடத்தில மாட்டுறது" என்றார் மெல்ல. "முனை ஒரே மாதிரித்தான் இருக்கும், பொருந்தும். எழுபத்தைஞ்சைக் காட்டி இதுதான் அம்பதெண்டு படிப்பிச்சிருக்கு. ரெண்டு மீட்டரும் ஒரே வாத்தியாரிட்டப் படிச்சு ஒரே பிழையைத் திருப்பிச் சொன்னது. ரெண்டு சாட்சி எண்டு நாங்கள் நினைச்சம். ஒரு சாட்சிதான்."

கௌஸ் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். "அன்னைக்குக் காலையில மாடிக்குத் தூக்கிட்டுப் போறப்ப ஒரிஜினல் கை தவறி மழைத்தண்ணிக் குழாய்க்குள்ள விழுந்துடுச்சுண்ணே. எல்லாரும் வந்து நிக்கிறாங்க. என் டூல் பாக்ஸ்ல இது இருந்துச்சு. மாட்டிப் பார்த்தேன், மாட்டுச்சு. பழசா இருக்கேன்னு உறை போட்டேன். ஒரு லோடுதானேன்னு..." அவர் நாகஜோதியைப் பார்க்க முயன்றார், முடியவில்லை. "ஒரு நிமிச வேலை தங்கச்சி. மல்டிமீட்டர் என் இடுப்புலயேதான் இருந்துச்சு. நான் வச்சுப் பார்க்கலையே. அந்த மனுசன் படியிறங்கிப் போறப்ப நானும் நின்னு வேடிக்கை பார்த்தேனே."

சுரேஷ்குமார் மஞ்சள் கருவியைத் தொட்டார். உடனே கையை எடுத்துக்கொண்டார். "நான் வீட்டுக்கே வந்து அவர்கிட்ட..." என்று தொடங்கினார்.

"எல்லாரும் போகத்தான் வேணும். ஆனா முதல்ல இவ போகட்டும்" என்றார் கனகரத்தினம்.

வாசல்வரை வந்து நோட்டை அவளிடம் கொடுத்தார். "பிள்ளை, நீங்கள் கேட்டதுக்குப் பதில் கிடைச்சிட்டுது. அவர் பொய் சொல்லேல்லை. ஆனா நீங்கள் கேளாத ஒண்டும் இதுக்குள்ள இருக்கு. ஓரத்தில இருக்கிற பென்சில் எழுத்து ஆக்களை எண்ணினதில்லை. விகிதம்."

அவளுக்குப் புரிய ஒரு நொடி பிடித்தது. "அப்ப அவருக்கு..."

"தெரியும். கன காலமாய்த் தெரியும். தெரிஞ்சும் ஏன் சொல்லேல்லை எண்டது என்ட வேலைக்குள்ள வராது. அதை அளக்கிற சாமான் என்னட்ட இல்லை."

ஷார்ஜா ஃபிளாட்டில் இரண்டு பெட்டிகள் திறந்து கிடந்தன. விஜயபாஸ்கர் தரையில் உட்கார்ந்து தன் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார். அவளுடைய புடவைகள் மற்றப் பெட்டியில் ஏற்கெனவே அடுக்கப்பட்டிருந்தன. கசங்காமல் இருக்க இடையிடையே செய்தித்தாள் வைத்திருந்தார்.

"கனகரத்தினம் சாரைப் பார்த்துட்டு வர்றேன்" என்றாள். "லோடு எழுபத்தஞ்சு. கௌஸ் பாய் மாத்தி வச்சுட்டார், தெரியாம."

"ம்."

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"மறுநாளே உன் நோட்டைப் பார்த்தேன். மூணுக்கு ரெண்டு. முகத்துல அறைஞ்ச மாதிரி இருந்துச்சு. லோடுதான்னு தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் ஏன் சொல்லலை? அன்னைக்கே சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேனே!"

அவர் ஒரு சட்டையை மடித்து முடித்தார். காலரைத் தடவிவிட்டார். "கணக்கை நம்பியிருப்பே, ஜோதி."

அவர் குரலில் கோபம் இல்லை. ரொம்ப நாளாகத் தூக்கிக்கொண்டிருந்ததைக் கீழே வைத்துவிட்ட களைப்புதான் இருந்தது. வழி முழுக்க அவள் நினைத்துக்கொண்டு வந்தது வேறு. உண்மை தெரிந்துவிட்டது, போய்ச் சொன்னால் அவர் முகம் தெளியும், நான்கு வருடம் ஒரே மூச்சில் கழுவிப் போகும் என்று நினைத்திருந்தாள். அவருக்குத் தேவைப்பட்டது அந்த உண்மை இல்லை என்பது இப்போதுதான் விளங்கியது.

"கௌஸ் பாய்கிட்ட ஒண்ணும் சொல்லிடாதே" என்றார் அவர். "அந்த ஆள் தாங்க மாட்டார். நான் வெளியே சொல்லாததுக்கு அதுவும் ஒரு காரணம்."

"அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. உடைஞ்சு போயிட்டார்."

விஜயபாஸ்கர் கை வேலையை நிறுத்தினார். "அடப் பாவமே" என்றார்.

நான்கு வருடமாகத் தன்னை அவமானத்தில் நிறுத்திய ஆளுக்காகப் பாவப்படும் அந்த முகத்தை நாகஜோதி பார்த்துக்கொண்டே நின்றாள். இந்த மனிதரைத்தான் மூன்றில் இரண்டு என்று எண்ணிப் பார்த்தோமே என்று இருந்தது. அவள் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு விருந்துல நான் சிரிச்சேன்" என்றாள். "அதுக்கு எந்த மீட்டரும் காரணம் இல்லை. கௌஸ் பாயும் இல்லை. நான்தான்."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு நேராக.

"ராஸ் லஃபான் பக்கத்துல அல் கோர்ல குடும்பத்துக்கு வீடு கொடுக்கிறாங்கன்னு உங்க ஃபாரத்துல படிச்சேன். அன்னையிலேர்ந்து தினமும் கேட்கணும்னு நினைப்பேன். நீங்க தனியான்னு எழுதினதைப் பார்த்ததும் கேட்கிற தைரியம் போயிடுச்சு. நான் பண்ணதுக்கு இதுதான் சரின்னு இருந்துட்டேன்." அவர் மடித்த சட்டையை எடுத்து அவள் பெட்டியில் வைத்தாள். "ரெண்டு மாசம் கழிச்சு வரச் சொன்னாலும் சரி, ஆறு மாசம் ஆனாலும் சரி. என்னை மதுரையிலேயே விட்டுடாதீங்க. என்னையும் உங்ககூடக் கூட்டிட்டுப் போங்க."